கட்டளைவரித் திருத்தத்துக்கு எந்த நிரலகம்? ரீட்லைனும் அதன் மாற்றுகளும்

சி மொழியில் ஒரு சிறிய அகராதித் தேடு நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். முனையத்தில் அதை இயக்கினால் ஒரு தூண்டுகுறி தோன்றும். சொல்லை உள்ளிட்டால் பொருள் வரும். அடுத்த சொல்லுக்காகத் தூண்டுகுறி மீண்டும் காத்திருக்கும். தேடும் பகுதி முடிந்த பிறகு, சொல்லை வாங்கும் பகுதிதான் பெரிய கேள்வியாக நின்றது. மொழியோடு வரும் வழக்கமான உள்ளீட்டுச் சார்பைக் கொண்டு ஒரு வரியை வாங்கினால் போதும் என்றுதான் தொடங்கினேன். முதல் நாளே, சற்றுமுன் தேடிய சொல்லைத் திரும்பக் கொண்டுவர மேலம்பு விசையைத் தட்டியபோது, பழைய சொல் வரவில்லை; ஒரு கூரைக்குறியும் இரண்டு பகர அடைப்புகளும் ஓர் ஆங்கில எழுத்தும் திரையில் விழுந்தன. கட்டளைவரியில் எழுத்தைத் திருத்துவதற்கென்றே இருக்கும் கட்டற்ற நிரலகங்களில் (பிற நிரல்களோடு இணைத்துப் பயன்படுத்த எழுதப்பட்ட நிரல்தொகுப்புகளில்) எதைச் சேர்ப்பது என்று அன்றைக்குத் தேடத் தொடங்கியதன் விளைவே இந்த ஒப்பீடு.

நிரலகம் எதுவும் இல்லாத நிலையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் அதுவும் ஒரு தேர்வுதான். நிரல் வேறு ஏற்பாடு எதையும் செய்யாதபோது, பயனர் தட்டும் எழுத்துகளை ஒரு வரியாகச் சேர்த்து, நுழைவு விசை தட்டப்பட்ட பின் நிரலிடம் ஒப்படைப்பது இயங்குதளத்தின் கருவேதான். கடைசி எழுத்தை அழிப்பது, கடைசிச் சொல்லை அழிப்பது, முழு வரியையும் அழிப்பது என்ற அளவோடு அதன் திருத்தத் திறன் நின்றுவிடுகிறது. வரியின் நடுவுக்குப் போக வழியில்லை, பழைய வரியை நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. லினக்ஸ் கரு 2.6.4 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 (ஒருங்குறி எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் முறை) எழுத்துகளை முழுதாக அழிக்கும் வசதியைப் பெற்றிருப்பதால், மூன்று பைட்டுகள் கொண்ட ஒரு தமிழ்க் குறியிடத்தை (ஒருங்குறியில் தனி எண் பெற்ற ஒரு குறியை) ஒரே தட்டலில் அழித்துவிடுகிறது. ஆனால் திரையில் அது எத்தனை கட்டங்களைப் பிடித்திருந்தது என்பதைக் கரு கணக்கிடுவதில்லை.

இந்த இடத்தில் 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துப் பார்க்கலாம். நாம் மூன்று எழுத்துகள் என்று எண்ணும் இச்சொல், ஒருங்குறியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என்று ஐந்து குறியிடங்கள். யூடிஎஃப்-8 வடிவில் பதினைந்து பைட்டுகள். பல கணினிகளில் உள்ள எழுத்தகல அட்டவணையின்படி, இகரக்குறிக்கு ஒரு கட்ட அகலம் உண்டு, புள்ளிக்கு அகலமே இல்லை. ஆகவே முனையத்தின் கணக்கில் அது நான்கு கட்டச் சொல். மூன்று, நான்கு, ஐந்து, பதினைந்து என்ற இந்த எண்களில் எதை வைத்துக்கொண்டு ஒரு நிரலகம் கர்சரை நகர்த்துகிறது என்பதே தமிழில் உள்ளிடுபவருக்கு அந்த நிரலகத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. நிரலகம் இல்லாதபோது இச்சொல்லின் கடைசியில் ஒருமுறை அழிவிசையைத் தட்டினால், வரியிலிருந்து புள்ளி மட்டுமே நீங்கும். கரு ஒரு கட்டம் பின்னோக்கி வந்து அழிப்பதால் திரையில் ழகரமும் மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ழகரம் நிரலுக்குப் போய்ச் சேர, சரியாகத்தானே தட்டினோம் என்று பயனர் திகைப்பார். அகராதி நிரலில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை அன்று.

எனவே என் முன் இருந்த தேர்வை வசதிகளின் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்ய இயலாது என்று விரைவில் புரிந்தது. என் நிரலை எந்த உரிமத்தில் வெளியிடப்போகிறேன் என்பது முதற்கேள்வி. அதில் தட்டப்படும் எழுத்து எந்த மொழியினுடையது என்பது இரண்டாவது. அது எந்தக் கணினிகளில் ஓட வேண்டும் என்பது மூன்றாவது. முதற்கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டு நிரலகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், பின்னால் நிரலையோ நிரலகத்தையோ மாற்றி எழுத வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். இதற்கு மென்பொருள் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன.

இத்துறையின் மூத்த நிரலகம் குனு ரீட்லைன். 1980-களின் இறுதியில் பிரையன் ஃபாக்ஸ், பாஷ் என்ற கட்டளை உறையோடு சேர்த்து இதை எழுதினார். பிறகு பல பத்தாண்டுகளாக, அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செட் ரேமி இரண்டையும் பராமரித்துவருகிறார். பாஷில் வேலை செய்பவர் தம்மை அறியாமலேயே ரீட்லைனைப் பயன்படுத்துபவர்தான். கண்ட்ரோல்-ஏ தட்டினால் வரியின் தொடக்கம், கண்ட்ரோல்-ஈ தட்டினால் முடிவு, கண்ட்ரோல்-ஆர் தட்டினால் பழைய கட்டளைகளுக்குள் தேடல், டேப் தட்டினால் பாதி தட்டிய சொல்லின் மீதியை நிரப்பல் என்று விரல்களில் ஊறிப்போன பழக்கங்கள் எல்லாம் ஈமேக்ஸ் உரைத்திருத்தியைப் பின்பற்றும் அதன் ஈமேக்ஸ் முறையைச் சேர்ந்தவை. விஐ என்ற மற்றோர் உரைத்திருத்தியின் முறையை விரும்புபவர்களுக்கு அதுவும் உண்டு. வெட்டிய துண்டுகளை அடுக்கிவைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப ஒட்டலாம்; செய்த திருத்தத்தை மீட்கலாம்; விசைத்தட்டல்களைப் பதிந்துவைத்து மறுபடி ஓட்டலாம். 8.1 பதிப்பிலிருந்து, வேறிடத்திலிருந்து ஒட்டப்படும் எழுத்தை அடைப்புக்குள் பெறும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. ஒட்டிய எழுத்தில் வரிமுறிவு இருந்தாலும் நுழைவு விசையைத் தட்டும்வரை எதுவும் நிறைவேறாது. பெரிய சொற்பட்டியலைத் தவறுதலாக ஒட்டிவிட்டு நூறு தேடல் முடிவுகள் ஓடுவதைப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, பயனரின் இல்லக் கோப்பகத்தில் இருக்கும் இன்புட்ஆர்சி என்ற கோப்பு. ஒருவர் தம் விசைப் பழக்கங்களை அதில் ஒருமுறை எழுதிவைத்தால், ரீட்லைனைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும், ஜிடிபி வழுநீக்கி முதல் ஆக்டேவ் கணிதச் சூழல் வரை, அதை மதிக்கின்றன. நிரல் தன் பெயரை நிரலகத்திடம் சொல்லிவிட்டால், அந்த நிரலுக்கு மட்டும் பொருந்தும் அமைப்புகளையும் பயனர் அதே கோப்பில் நிபந்தனையிட்டு எழுதலாம். விசைப்பலகைக்கென்று தனி அமைப்புத் திரை எதையும் நான் எழுத வேண்டியதில்லை. விஐ பழக்கமுள்ள ஒருவர் என் நிரலைத் திறந்ததும் அது தானாகவே விஐ போல் நடந்துகொள்ளும்.

தமிழ் உள்ளீட்டில் ரீட்லைன் எப்படி இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிச் சொல்ல வேண்டும். பல பைட்டு எழுத்துகளை அது 4.3 பதிப்பிலிருந்து கையாள்கிறது. இயங்குதளத்தின் அகல அட்டவணையைக் கேட்டுத்தான் கர்சரை நகர்த்துகிறது. 'தமிழ்' என்று தட்டிவிட்டு இடதம்பை அழுத்தினால், அகலமற்ற புள்ளியைத் தாண்டி 'ழ்' முழுவதையும் ஒரே அடியில் கடக்கிறது. அடுத்த அடியில் மட்டும் 'மி' இரண்டாகப் பிரிந்து, கர்சர் மகரத்துக்கும் இகரக்குறிக்கும் இடையில் நிற்கிறது. இது நாம் விரும்பும் நடத்தை அன்று. ஆனால் திரையும் வரியும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கின்றன, அதுவே பெரிய விடயம். சொல் சொல்லாக நகரும் ஆல்ட்-பி, ஆல்ட்-எஃப் விசைகளில் வேறொரு குறை உண்டு. எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்று பார்த்துச் சொல்லெல்லையை முடிவுசெய்யும் இந்த விசைகளுக்கு, ஒருங்குறி அட்டவணையில் உயிர்க்குறிகள் எழுத்தின் தன்மை உடையவை, புள்ளியோ அத்தன்மை அற்றது. ஆகவே லினக்ஸில் 'கட்டளை' என்ற சொல்லைத் தாண்டும்போது நடுவிலிருக்கும் புள்ளியிலேயே கர்சர் நின்றுவிடுகிறது. மெய்யெழுத்து இல்லாத தமிழ்ச் சொல் அரிது என்பதால், இந்த இரு விசைகளும் நமக்கு ஏறத்தாழப் பயனற்றவை. இடைவெளியை மட்டுமே எல்லையாகக் கொள்ளும் கண்ட்ரோல்-டபிள்யூ ஒழுங்காக வேலை செய்கிறது. தமிழில் உள்ளிடுபவர்கள் அதைப் பழகிக்கொள்வது நல்லது. புள்ளியைச் சொல்லின் உறுப்பாக ஏற்கும்படி இத்தகைய நிரலகங்களைத் திருத்துவதில் தமிழ் நிரலாளர்கள் முன்கையெடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. வேறு யாருக்கும் இது கண்ணில் படாது.

இனி உரிமம். ரீட்லைன் குனு பொது உரிமம், அதாவது ஜிபிஎல், கொண்டு வெளியிடப்படுகிறது. நிரலகங்களுக்கென்று தளர்த்தி எழுதப்பட்ட எல்ஜிபிஎல் அதற்கு இல்லை. அதனோடு இணைத்த நிரலை ஒருவர் பிறருக்கு வழங்கினால், இணைந்த முழுமையும் ஜிபிஎல் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். மூலநிரலைத் தர வேண்டும். தன் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தி யாருக்கும் வழங்காதவருக்கு இக்கடப்பாடு எழுவதில்லை. இது தவறுதலாக நேர்ந்த கடுமை அன்று, எண்ணித் துணிந்து செய்தது. ஒரு நிரலகத்துக்கு எப்போது எல்ஜிபிஎல் தரக்கூடாது என்று விளக்கி, குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய கட்டுரையில் ரீட்லைனே எடுத்துக்காட்டு: வேறெங்கும் எளிதில் கிடைக்காத வசதியைக் கட்டற்ற நிரல்களுக்கு மட்டும் தருவதால், கட்டற்ற பக்கம் வருவதற்கு ஒரு காரணம் உண்டாகிறது என்பது அவர் வாதம்.

அது வெறும் கோட்பாடாக நின்றுவிடவில்லை என்பதற்குக் கிளிஸ்ப் என்ற லிஸ்ப் மொழிச் செயலாக்கியின் வரலாறு சான்று. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான புரூனோ ஹைபிள், தம் நிரலோடு ரீட்லைனையும் சேர்த்து வழங்கியபோது, 1992-இல் ஸ்டால்மன் அவருக்கு எழுதினார். இணைக்காத துண்டுகளாகத் தந்து பயனரையே இணைக்கச் சொல்லலாமா என்பது போன்ற வழிகளை ஹைபிள் முன்வைத்தார். இணைந்து உருவாகும் நிரலில் ரீட்லைன் அடங்கியிருக்கிறது என்ற நிலையிலிருந்து ஸ்டால்மன் இறங்கவில்லை. முடிவில் கிளிஸ்ப் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. கடிதங்களில் அவ்வளவு வாதாடிய ஹைபிள், பிற்காலத்தில் குனு திட்டத்தின் முதன்மையான பங்களிப்பாளர்களுள் ஒருவராக ஆனார். கெட்டெக்ஸ்ட் உட்பட, மென்பொருளைத் தமிழ் போன்ற மொழிகளுக்குக் கொண்டுவர உதவும் கருவிகள் அவர் பராமரிப்பில் வளர்ந்தவை.

உரிமத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2009-இல் வெளிவந்த 6.0 பதிப்பிலிருந்து ரீட்லைன் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும் என்று கறாராக அறிவித்துக்கொண்ட நிரல்கள், தாங்களும் கட்டற்றவையாக இருந்தும், அதனோடு இணைய முடியாமல் போயிற்று. லினக்ஸ் வழங்கல்களுள் ஒன்றான டெபியன் இதற்காகவே பழைய ரீட்லைனை நெடுங்காலம் தனிப் பொதியாக வைத்திருந்தது.

ரீட்லைனுக்கு அடுத்து எல்லோரும் எண்ணுவது லிப்எடிட். கிறிஸ்டோஸ் சூலாஸ் எழுதி, பெர்க்லி யூனிக்ஸின் 4.4 பதிப்போடு வெளிவந்த இந்நிரலகம், இன்று நெட்பிஎஸ்டி திட்டத்தில் வளர்கிறது. பிஎஸ்டி உரிமம் என்பதால் மூடிய நிரல்களும் தயக்கமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கென்று தனியான அழைப்புமுறை ஒன்று உண்டு; அதற்கு மேல், ரீட்லைனின் சார்புகளை அதே பெயர்களில் தரும் ஒரு போர்வையும் பின்னால் சேர்க்கப்பட்டது. பலர் லிப்எடிட்டை நாடுவது இந்தப் போர்வைக்காகத்தான்: ரீட்லைனுக்கு எழுதிய நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் இதனோடு இணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. மேக்கணினிகளில் ரீட்லைன் என்ற பெயரில் இருக்கும் கோப்பே உண்மையில் லிப்எடிட்டைச் சுட்டும் இணைப்புதான்.

ஒரு வரியை வாங்கி, வரலாற்றில் சேர்த்து, டேப் நிரப்பலைத் தருவதோடு நிற்கும் நிரலுக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்காது. அதற்கு மேல் போனால் இடுக்குகள் தெரியத் தொடங்கும். பைத்தான் மொழியின் ரீட்லைன் கூறு இதற்கு நல்ல பாடம்: டேப் விசையை நிரப்பலோடு பிணைக்க ரீட்லைனுக்கு ஒரு தொடரும் லிப்எடிட்டுக்கு முற்றிலும் வேறொரு தொடரும் எழுத வேண்டியிருப்பதால், எந்த நிரலகம் பின்னால் இருக்கிறது என்று அறிவதற்கு அக்கூறின் விளக்கக் குறிப்பில் லிப்எடிட் என்ற பெயர் இருக்கிறதா எனத் தேடும் வழக்கம் பல ஆண்டுகள் நிலவியது, 3.13 பதிப்பில்தான் அதைச் சொல்வதற்கென்றே தனி மாறி வந்தது. வரலாற்று வரிகளின் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குமா ஒன்றில் தொடங்குமா என்பதுகூட வேறுபடுவதால், அக்கூறின் மூலநிரலில் அதற்கென ஒரு திருத்தம் இருக்கிறது.

வரலாற்றுக் கோப்பின் வடிவமும் ஒன்றல்ல. ரீட்லைன் எழுதுவது வரிக்கு ஒரு கட்டளை என்ற வெற்று உரைக்கோப்பு. லிப்எடிட் முதல் வரியில் தன் அடையாளத்தை எழுதி, இடைவெளிகளைப் பின்சாய்கோடும் 040 என்ற எண்ணுமாக மாற்றிவைக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே வரலாற்றுக் கோப்பைப் பகிர்ந்துகொண்டு சோதித்தபோது, நான் தேடியிருந்த இரட்டைச் சொற்களின் நடுவில் அந்த எண் முளைத்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. அதற்குப் பிறகு இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புப் பெயர்களை வைத்துவிட்டேன்.

தமிழ் எழுத்துக்கு, லிப்எடிட்டில் அகன்ற எழுத்து ஆதரவு பிந்தியே வந்தது. இப்போது அது இருக்கிறது. ஆனால் நிரல் தொடங்கும்போதே பயனரின் மொழிச்சூழலை இயக்கிவிட வேண்டும். ரீட்லைன் இதைத் தானே செய்துகொள்கிறது, லிப்எடிட் உங்களை நம்பியிருக்கிறது. அந்த ஒரு வரியை மறந்தால், பிழை நிரலகத்தில் இருப்பதாகவே தோன்றும். அதை எழுதிய பின்னும், அகலமற்ற குறிகள் நிறைந்த வரியில் கர்சரின் இடத்தைக் காப்பதில் ரீட்லைனையே நான் அதிகம் நம்புகிறேன்.

இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கட்டளைவரி நிரலான பிஎஸ்கியூஎல் சான்று. அதைத் தொகுக்கும்போது ரீட்லைன் வேண்டுமா லிப்எடிட் வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். அந்நிரல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தோடும் இணைகிறது. ஓப்பன்எஸ்எஸ்எலின் பழைய உரிமம் ஜிபிஎல்லோடு பொருந்தாதது. ரீட்லைனும் ஓப்பன்எஸ்எஸ்எலும் ஒரே நிரலில் சேரக்கூடாது என்பதால் டெபியன் லிப்எடிட்டுக்கு மாறியது. ஆங்கிலமல்லாத எழுத்துகளைத் தட்டும் பயனர்கள் உடனே பாதிக்கப்பட்டனர். தொகுப்பது லிப்எடிட்டோடு, ஆனால் பயனரின் கணினியில் ரீட்லைன் இருந்தால் இயங்கும் நேரத்தில் அதை முன்னதாக ஏற்றிக்கொள்வது என்று ஒரு சுற்றுவழியைப் பிறகு கையாண்டார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 பதிப்பில் அப்பாச்சி உரிமத்துக்கு மாறியபோதுதான் இந்த முடிச்சின் மூலக்காரணம் அவிழ்ந்தது. உங்கள் நிரல் வேறு எந்தெந்த நிரலகங்களோடு இணையப்போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தே உரிமத்தை எடைபோட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த நிகழ்வே காரணம்.

மூன்றாவது, லைன்நாய்ஸ். ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போ, ஒரு வரியைத் திருத்த இவ்வளவு பெரிய நிரலகம் தேவையா என்ற கேள்வியோடு 2010-இல் வெளியிட்டது. ஒரு மூலக்கோப்பு, ஒரு தலைப்புக்கோப்பு, பிஎஸ்டி உரிமம், வேறெதையும் சாராத தன்மை. இரண்டு கோப்புகளையும் உங்கள் நிரலின் கோப்பகத்தில் நகலெடுத்துப் போட்டுக்கொள்ளலாம்; வழங்கும்போது பயனரிடம் எந்தப் பொதியையும் நிறுவச்சொல்ல வேண்டியதில்லை. வரலாறு, டேப் நிரப்பல், தட்டும்போதே வலப்பக்கத்தில் தோன்றும் குறிப்பு ஆகியவை உண்டு. கண்ட்ரோல்-ஆர் தேடல், விஐ முறை, பயனரின் அமைப்புக்கோப்பு ஆகியவை அதன் வடிவமைப்பில் இல்லை. நிரலை ஓர் அமரலில் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது என்பது சிறிய பேறு அன்று. முனையம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் மாணவருக்கு முதலில் இதைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

அகராதி நிரலுக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் அந்தச் சிறுமையேதான். பல ஆண்டுகளாக லைன்நாய்ஸ் ஒரு பைட்டை ஓர் எழுத்தாகவும் ஒரு கட்டமாகவும் எண்ணிவந்தது. அத்தகைய பிரதியில் 'தமிழ்' என்று தட்டினால், கர்சர் சொல்லுக்கு வெகுதூரம் வலப்பக்கம் போய் நிற்கும். ஒருமுறை அழித்தால் புள்ளியின் மூன்று பைட்டுகளில் ஒன்று மட்டும் போய், மீதி இரண்டும் உடைந்த எழுத்தாகக் கிடக்கும். சொல் முழுவதையும் அழிக்கப் பதினைந்து முறை தட்ட வேண்டும். மூலக் களஞ்சியம் திருந்தினாலும் இக்குறை எளிதில் மறையாது. நகலெடுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கத்தால், எந்த ஆண்டு நகலெடுக்கப்பட்டதோ அந்த ஆண்டின் நடத்தையே அந்நிரலில் உறைந்துவிடுகிறது. ஒரு நிரல் லைன்நாய்ஸைப் பயன்படுத்துகிறது என்று கேள்விப்பட்டால், எந்தப் பிரதி என்று கேட்பது அவசியம். ரீட்லைனைத் தனிப் பொதியாக நிறுவியிருக்கும் கணினியிலோ, பொதியைப் புதுப்பித்தால் அதைச் சார்ந்த எல்லா நிரல்களும் ஒருசேரத் திருந்துகின்றன.

லைன்நாய்ஸின் எளிமையையும் பிற மொழி எழுத்துகளையும் ஒருங்கே வேண்டுபவர்கள் ஐசோக்ளைனைப் பார்க்கலாம். டான் லெயன் எழுதிய இது எம்ஐடி உரிமம் உடையது. சி மொழியில், பிற நிரலகச் சார்பின்றி, எட்டாயிரம் வரிகளுக்குள் அடங்குவது. யூடிஎஃப்-8, பல வரி உள்ளீடு, வரலாற்றுத் தேடல், நிறமூட்டல் ஆகியவற்றைத் தருகிறது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் நேரடியாக ஓடுகிறது; ரீட்லைனும் லிப்எடிட்டும் விண்டோஸில் அப்படி இயல்பாக அமைவதில்லை. சி++ மொழியில் எழுதுபவர்களுக்கு, கிளிக்ஹவுஸ் தரவுத்தளம் பயன்படுத்தும் ரெப்ளெக்ஸ் உண்டு. பைத்தானிலோ ரஸ்டிலோ எழுதுபவர்களுக்கு முறையே பிராம்ப்ட் டூல்கிட், ரஸ்டிலைன் என்று அந்தந்த மொழிக்கே உரியவை இருக்கின்றன. அவர்கள் சி நிரலகத்தைத் தேடிப் போகத் தேவையில்லை.

எதையும் இணைக்காமலேயே ரீட்லைனின் பயனைப் பெறும் வழி ஒன்றும் இருக்கிறது. ஹான்ஸ் லப் எழுதிய ஆர்எல்ராப் என்ற நிரல், வேறொரு நிரலைத் தன்னுள் இயக்கி, அதன் உள்ளீட்டை மட்டும் ரீட்லைன் வழியே வாங்கிக் கொடுக்கிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தின் கட்டளைவரி நிரலான எஸ்கியூஎல் பிளஸை இதைக்கொண்டு சுற்றி இயக்குவது லினக்ஸ் நிருவாகிகளிடையே பழகிப்போன வழக்கம். நிரலின் உரிமம் எதுவானாலும் இதில் சிக்கல் இல்லை, ஏனெனில் பயனர் இரண்டு தனித்தனி நிரல்களை இயக்குகிறார். ஒரு சொற்பட்டியல் கோப்பைக் கொடுத்தால் அதிலிருந்து டேப் நிரப்பலும் செய்கிறது. என் அகராதியின் தலைச்சொற்களைக் கொடுத்துப் பார்த்தபோது நிறைவாக வேலை செய்தது. நிரலின் உள்நிலையை அறிந்து நிரப்ப அதனால் முடியாது என்பதே அதன் எல்லை. ஒரு நிரலின் முதல் பதிப்பை எழுதுபவர் எவரும், நிரலகத் தேர்வை ஒத்திப்போட்டு, ஆர்எல்ராப் கொண்டு சில வாரங்கள் ஓட்டிப்பார்ப்பது காலத்தை மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து.

என் முடிவு ரீட்லைன். அகராதி நிரலை எப்படியும் கட்டற்றதாகவே வெளியிட எண்ணியிருந்தேன்; அதன் தரவும் பலருடைய உழைப்பில் பொதுவில் சேர்ந்தது. ஆகவே ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை ஏற்பதில் எனக்கு இழப்பு எதுவும் இல்லை, மனநிறைவே உண்டு. தமிழ் எழுத்தில் திரையும் வரியும் பிசகாமல் இருப்பது, பயனரின் இன்புட்ஆர்சி மதிக்கப்படுவது, கண்ட்ரோல்-ஆர் தேடல் ஆகிய மூன்றும் என் பயனர்களுக்குத் தேவை. மூடிய நிரலோ, எம்ஐடி போன்ற தளர்ந்த உரிமத்தில் இருந்தே ஆக வேண்டிய நிரலோ எழுதுபவராக இருந்திருந்தால் ஐசோக்ளைனைத் தேர்ந்தெடுத்திருப்பேன். மேக்கிலும் பிஎஸ்டி கணினிகளிலும் மட்டும் ஓடும் நிரலுக்கு, அங்கே ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் லிப்எடிட்டே போதும். ஆங்கிலக் கட்டளைகளை மட்டும் வாங்கும் சிறு கருவிக்கு லைன்நாய்ஸில் குறையொன்றும் இல்லை.

ஆனாலும் நிரலின் எல்லா இடங்களிலும் ரீட்லைன் சார்புகளை நேரடியாக அழைக்கவில்லை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் கட்டளைவரி நிரல், தொகுக்கும்போது ரீட்லைன், லிப்எடிட், லைன்நாய்ஸ் மூன்றில் எதை வேண்டுமானாலும் ஏற்கும்படி எழுதப்பட்டிருப்பது எனக்கு முன்மாதிரியாக இருந்தது. வரியை வாங்குதல், வரலாற்றில் சேர்த்தல், வரலாற்றைச் சேமித்தல், நிரப்பலைப் பதிதல் ஆகிய நான்கு சார்புகளை மட்டும் கொண்ட தனிக்கோப்பு ஒன்றை வைத்து, நிரலகத்தின் பெயர் அந்தக் கோப்பைத் தாண்டி வெளியே வராதபடி பார்த்துக்கொண்டேன். மேக்கில் அதே கோப்பு லிப்எடிட்டோடு தொகுபடுகிறது. எதுவும் கிடைக்காத கணினியில் வெற்று உள்ளீட்டுக்கு இறங்கி, ஆர்எல்ராப் கொண்டு இயக்கும்படி ஒரு வரி அறிவிப்பைக் காட்டுகிறது. ஒவ்வொரு புதிய கணினியிலும் தொகுத்து முடித்ததும் நான் முதலில் தட்டிப்பார்ப்பது 'தமிழ்' என்ற சொல்லைத்தான்: தட்டிவிட்டு இருமுறை இடப்பக்கம் போய், திரும்பி வந்து, ஓர் எழுத்தை அழித்து, மீண்டும் தட்டி, நுழைவு விசையை அழுத்தினால் அகராதியில் அதே சொல்லுக்கான பொருள் வர வேண்டும்.